சிந்துதாயிக்கு நாற்பத்தெட்டு வயது

1

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் நவம்பரில் வங்கிக்குப் போய், நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கவுண்டரில் இருந்தவர் இந்தியில் கேட்டார். நான் மராத்தியில் பதில் சொன்னேன். அவர் என் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். புனேக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இன்னமும் என் பெயரைப் படித்ததும் எல்லாரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அதை மரியாதை என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே தூத்துக்குடியிலிருந்து பழைய நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் அப்பாவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டதாம். வீட்டுக்கே வந்து வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் கம்பெனியெல்லாம் உங்கள் பக்கம் ரொம்ப நாளாக உண்டாமே, அது எப்படி, நம்பலாமா என்று கேட்டான். தாராளமாக நம்பலாம், ஆனால் யார் யாரைப் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றேன். அவனுக்குப் புரியவில்லை. போனில் சொல்லி முடிகிற சங்கதியும் இல்லை. அவனுக்காகவும், அவனைப் போல ஊரிலிருந்து கேட்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

2

செண்பகம் என் அப்பாவின் தங்கை. பாளையங்கோட்டைக்காரி. அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம் நர்ஸ் வேலை பார்த்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், நாள் முழுக்க ஆம்பளைகளின் முனகலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தும் அதையே கேட்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்பாள். எழுபத்தாறு வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் நான் போய் ரயிலில் புனேக்குக் கூட்டி வந்தேன். புத்தாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். நாங்கள் அப்போது கோர்படியில் கீழ்த்தளத்து வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். நான் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தர். மனைவி மாலதி ஹடப்சரில் பள்ளி ஆசிரியை. மகள் நித்யாவுக்குப் பதினைந்து வயது.

அத்தை வந்த அன்றே கட்டிலில் படுத்தபடி ஒப்பந்தம் போட்டாள்.

"எல சங்கரா, நடக்க முடிஞ்சா என் வீட்டுக்குப் போயிருவேன். முடியலைன்னா ஊர்ல ஒரு முதியோர் இல்லத்துல பேரு குடுத்து வச்சிருக்கேன், அங்கன போயிருவேன். எப்படியும் ஒன் வீட்ல கெடக்க மாட்டேன்."

டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டு, ஆறு வாரத்துக்குள் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கவில்லை என்றால் அப்புறம் எப்போதுமே நடக்க மாட்டார் என்று சொல்லியிருந்தார். அத்தையோ கட்டிலை விட்டு இறங்க மறுத்தாள். நாளைக்கு என்பாள். தலை சுற்றுகிறது என்பாள். தையல் போட்ட இடம் இழுக்கிறது என்பாள். நோயாளிகள் என்னென்ன சாக்கு சொல்வார்கள் என்று முப்பத்துநாலு வருஷம் கேட்டவள் அல்லவா, ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

நானும் மாலதியும் வேலையை விட முடியாது. கேம்ப் பகுதியில் ஒரு பீரோ ஆள் அனுப்புவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இங்கே பீரோ என்றால் துணி வைக்கிற அலமாரி இல்லை. ஆள் அனுப்பும் அலுவலகம். அவர்கள் கொடுத்த படிவத்தில் நோயாளியின் மொழி என்ன என்று ஒரு கேள்வி. இந்தி, மராத்தி, குஜராத்தி, ஆங்கிலம், இதர. நான் இதரவில் ஒரு டிக் போட்டேன். உணவு என்ற இடத்தில் மூன்று வகை இருந்தது, வெற்றிலை பாக்குக்கு இடம் இல்லை. அதைக் கீழே தனியாக எழுதிக் கொடுத்தேன்.

3

காலை எட்டிலிருந்து இரண்டு வரை ஒருத்தி, இரண்டிலிருந்து எட்டு வரை இன்னொருத்தி. அப்படித்தான் இரண்டு பேர் வந்தார்கள். காலைக்கு வந்தவள் இரண்டு மணி அடித்தும் லேசில் கிளம்ப மாட்டாள்.

மதியத்துக்கு வந்தவள் அஸ்வினி. இருபது வயது. மூன்று மாதப் பயிற்சி முடித்த சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டு வந்திருந்தாள். அத்தை அதைப் படிக்கவில்லை. படுக்கை விரிப்பைக் காட்டி, மாற்று என்றாள். அஸ்வினி மாற்றினாள். அத்தை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள், விரிப்பு முழுவதும் கையோடு வந்தது. மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு அந்தப் பெண் சமையலறைக்குள் போய்க் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்தபடி அழுதாள். ஆனாலும் மறுநாள் வந்தாள். நான்காம் நாள் அவள் மடித்த மூலையை அத்தையால் பிடுங்க முடியவில்லை. அத்தை அவளுக்கு ஒரு முறுக்கு கொடுத்தாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

காலைக்கு வந்தவள் சிந்து. எல்லாரும் சிந்துதாயி என்றார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. பீரோ கொடுத்த அட்டையில் வயது நாற்பத்தெட்டு என்று இருந்தது. பின்கொசுவம் வைத்த ஒன்பது கஜப் புடவை, நெற்றியில் ரூபாய் அளவு பொட்டு, அசையாத கறுப்பில் சாயமடித்த தலை. வாசற்படியை ஏறும்போது ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை அவளை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். அவள் சமையலறைக்குப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"காது மடலப் பாரு, முட்டியப் பாரு. அறுபத்தஞ்சுக்குக் கொறையாது. நாப்பத்தெட்டுன்னு எந்தக் கிறுக்கன் எழுதுனான்?"

பீரோவில் ஐம்பத்தைந்துக்கு மேல் ஆள் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வேறு ஆள் அனுப்பச் சொல்லட்டுமா என்றேன். அத்தை என்னை முறைத்தாள். அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தைக் கேள், ஒரு பாத்திரத்தைக்கூட நங்கென்று வைக்கவில்லை பார், அவளே இருக்கட்டும் என்றாள்.

4

பாஷைதான் பெரும்பாடு. மராத்தியில் அம்மாவை ஆயி என்பார்கள். சிந்துதாயி வந்த நிமிஷத்திலிருந்து அத்தையை வாய் நிறைய ஆயி, ஆயி என்று கூப்பிட்டாள். அத்தையின் காதில் அது ஆயா என்று விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஆயா என்றால் வார்டு கழுவுகிறவள். தலைமை நர்ஸை ஆயா என்கிறாளே என்று இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அத்தை. அதைப் பார்த்த சிந்துதாயி இன்னும் உருகி, இன்னும் அதிகமாக ஆயி என்றாள்.

அதைவிட மோசம் துக்தய் கா என்பது. வலிக்கிறதா என்று அர்த்தம். கால் மாற்றி வைக்கும்போதெல்லாம் சிந்துதாயி அப்படிக் கேட்பாள். துக்கமா என்று கேட்கிறாள் என நினைத்து, எனக்கென்ன துக்கம், நான் பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கேன் என்று அத்தை பலமாகத் தலையை ஆட்டுவாள். வலியே இல்லை என்று சிந்துதாயி நோட்டில் குறிக்கச் சொல்வாள், அஸ்வினி குறிப்பாள். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, வலியே இல்லாதவர் ஏன் நடக்க மாட்டேன் என்கிறார் என்று குழம்பினார்.

மொழிபெயர்க்க எங்களிடம் இருந்தது நித்யா ஒருத்திதான். அவள் மராத்தி அக்கம்பக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாதது. தமிழ்தான் நடுநடுவே நொண்டும். "ஆச்சி, நீங்க தண்ணி குடிச்சிட்டானா?" என்று கேட்பாள். அத்தை பதிலுக்கு, குடிச்சிட்டான் என்பாள். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. வீட்டில் சொல்லிக் கொடுக்க நாங்கள் மெனக்கெடவில்லை, இப்போது சொல்லி என்ன. ஆனால் பள்ளி விட்டு வந்ததும் இரண்டு கிழவிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, இங்கேயும் அங்கேயும் வாங்கிக் கொடுக்கிற வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. என்ன வாங்கினாள், என்ன கொடுத்தாள் என்று நாங்கள் சோதித்ததில்லை.

5

நான்காம் வாரம் ஒரு நாள் மதியம் கோப்பு ஒன்றை எடுக்க வீட்டுக்கு வந்தேன். சிந்துதாயி அத்தையின் சக்கர நாற்காலியில் வெந்நீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் அத்தை தலையணைகளை அடுக்கி நிமிர்ந்து உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டு வந்த பாதரச பிபி கருவியால் சிந்துதாயிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். அஸ்வினி பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தாள். நான் கூலி கொடுத்து வைத்திருந்த இரண்டு பேரும் அத்தையின் வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி நர்ஸாக, ஒருத்தி நோயாளியாக.

இது பத்து நாளாக நடக்கிறதாம். சிந்துதாயிக்கு ரத்த அழுத்தம் அதிகம், முழங்கால் தேய்மானம். அத்தை அவளுக்குக் கால் பயிற்சி கற்றுக்கொடுத்தாள். படுத்து ஒரு காலைத் தூக்கிப் பத்து எண்ண வேண்டும், பிறகு அடுத்த கால். சிந்துதாயி ஒரு நிபந்தனை போட்டாள். எனக்கு எண்ணத் தெரியாது, நீயும் கூடச் செய்தால்தான் செய்வேன். இவளுக்காகச் செய்துதொலைக்க வேண்டியிருக்கிறதே என்று அத்தையும் செய்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்து, நாங்கள் கெஞ்சியும் செய்யாத அதே பயிற்சி.

வெளியே வந்து அஸ்வினியிடம், தாயிக்கு நிஜமாகவே எண்ணத் தெரியாதா என்று கேட்டேன். சீட்டாட்டத்தில் என்னிடம் ஒரு தடவை கூடத் தோற்றதில்லை என்றாள் அவள்.

ஆக அத்தை சிந்துதாயியை ஏமாற்றி வைத்தியம் பார்ப்பதாக நினைத்திருந்தாள், சிந்துதாயி அத்தையை. நான் கோப்பை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். ஆனால் அத்தை கட்டிலை விட்டு இறங்கி நிற்கவில்லை. அது மட்டும் நடக்கவில்லை. ஏன் என்று சிந்துதாயிதான் கண்டுபிடித்து மாலதியிடம் சொன்னாள். அத்தைக்கு வலி பெரிதில்லை, பயம். மறுபடியும் விழுந்துவிடுவோம் என்ற பயம். எத்தனையோ பேரைக் கைபிடித்து நடத்தியவள் பயம் என்று எந்த வாயால் சொல்வாள்?

6

ஐந்தாம் வாரம் பீரோவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெண் மேற்பார்வையாளர் வந்தார். புதிதாகச் சேர்ந்தவர், யாரையும் முன்னால் பார்த்ததில்லை. வயதைக் குறைத்துச் சொல்லி வேலைக்கு வந்தவர்களைக் களைவது அவருக்குக் கொடுத்த முதல் வேலை. மணி இரண்டு. அஸ்வினி அப்போதுதான் வந்திருந்தாள். நித்யாவும் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். நான் இல்லை. அன்று நடந்ததை நான் மூன்று பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று பேரும் வெவ்வேறு மாதிரி சொன்னார்கள், கீழே எழுதுவதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

அன்று சிந்துதாயிக்கு ரத்த அழுத்தம் ஏறி, அத்தை அவளைத் தன் கட்டிலிலேயே படுக்க வைத்துப் போர்த்தியிருந்தாள். அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை பக்கத்தில், தூக்கி உட்கார வைத்த சக்கர நாற்காலியில் இருந்தாள். மேற்பார்வையாளர் கையில் கோப்போடு வாசலில் நின்று, சிந்து என்பவர் எங்கே, அவர் வயதைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று மராத்தியில் கேட்டார். அஸ்வினி நித்யாவைப் பார்த்தாள். நித்யா ஆச்சியின் காதில் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "ஆச்சி, தாயியோட வேலை போயிட்டான்."

அத்தை வாக்கரை இழுத்தாள். எழுந்து நின்றாள். எப்போதும் உடுத்துகிற வெள்ளைப் புடவையோடு, கட்டிலிலிருந்து அறை வாசல் வரை ஒன்பது அடி. அஸ்வினி எண்ணியிருக்கிறாள். நடந்து போய் அந்தப் பெண்ணுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்று, ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நோயாளி தூங்குகிறார். குரலைத் தாழ்த்துங்கள். நான் ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ், நோயாளிக்குச் சொந்தம். சிந்துவை மருந்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். அவளை நானே பரிசோதித்தேன். நாற்பத்தெட்டு வயது. ஆரோக்கியமாக இருக்கிறாள்."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார். கதவருகில் இருந்தே எட்டிப் பார்த்து, நோயாளி மிகவும் தளர்ந்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டார். அத்தை அதன் கீழே பதவியோடு கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் தெருமுனை திரும்பும் வரை அத்தை நின்றாள். அப்புறம்தான் தான் நின்றுகொண்டிருப்பது அவளுக்கே உறைத்திருக்கிறது. ஏட்டி, என்னையப் பிடி என்று அஸ்வினியைக் கூப்பிட்டிருக்கிறாள். கட்டிலில் இருந்த நோயாளி இதற்கெல்லாம் எழுந்திருக்கவே இல்லை.

7

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. இரண்டு நாள் கழித்துப் பீரோவிலிருந்து எனக்குப் போன் வந்தது. உங்கள் அத்தையின் நிலைமை கவலைக்கிடமாக இருக்கிறது, மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்று பீரோவை நடத்துகிற மேடம் ஆறுதல் சொன்னார். பிறகு, உங்கள் வீட்டில் ஒரு தலைமை நர்ஸ் இருக்கிறாராமே, எங்கள் பெண்களுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுப்பாரா, அனுபவம் இருந்தால் எங்களுக்கு வயது ஒரு பொருட்டில்லை என்றார்.

சிரித்துக்கொண்டே இதை அத்தையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாளாகவே அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முப்பத்துநாலு வருஷத்தில் காய்ச்சல் சார்ட்டில் ஒரு புள்ளியைக்கூட நான் பொய்யாகக் குறித்ததில்லை என்றாள். பீரோவுக்குப் போன் போடச் சொல்லிக் கையில் வாங்கினாள். தளர்ந்து கிடந்தது உங்கள் ஆள், பேசியது உங்கள் நோயாளி, அவளுக்கு அறுபத்தேழு வயது, அனுபவத்துக்கு வயது இல்லையென்று நீங்களே சொன்னீர்கள், ஆகவே அவளையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று முழுவதையும் ஒப்பித்தாள். மேடம் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சிந்துதாயியின் பெயரை அடித்துவிட்டார்கள்.

மூன்று நாள் காலையில் யாரும் வரவில்லை. மாலதி விடுப்பு எடுத்தாள். அத்தை அந்த மூன்று நாளும் வாக்கரைப் பிடித்துக் கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தாள், யாரும் சொல்லாமல். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோ கூப்பிடு என்றாள். நித்யா மட்டும் வந்தால் போதும், நீ வந்தால் நடுவில் மூக்கை நுழைப்பாய் என்று என்னை வாசலோடு நிறுத்திவிட்டாள்.

ஹடப்சரில் சால் என்கிற வரிசைக் குடியிருப்புக்குள் சிந்துதாயியின் ஒற்றை அறை வீடு. மகன், மருமகள், மூன்று குழந்தைகள், சிந்துதாயி. சமையல் மேடைக்குக் கீழே அவள் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. அவள் வேலைக்கு வந்ததே பகலில் காலை நீட்டி உட்கார ஒரு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் என்று நித்யா அன்று புரிந்துகொண்டாள். எங்களுக்கு அது ஐந்து வாரமாகத் தோன்றவில்லை.

சிந்துதாயி அத்தையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயி என்று கூப்பிடவில்லை.

அத்தை நின்றபடியே சொன்னாள்: "பொய் சொன்னதும் நான்தான், கெடுத்ததும் நான்தான். நான் ஊருக்குப் போறேன். வீட்ல ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. வாரதுன்னா வா, இல்லைன்னா இரு."

நித்யா அதை மராத்தியில் இப்படிச் சொன்னாள்: ஆச்சிக்கு மூணு நாளாகத் தூக்கமில்லை. நீங்கள் இல்லாமல் ஊருக்குப் போக மாட்டாளாம். அவளுக்கு உங்களை விட்டால் யாரும் இல்லையாம்.

சிந்துதாயி அத்தையின் கால்களைப் பார்த்தாள். அப்புறம், இந்தக் கிழவிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, இவளோடு யார் குடித்தனம் நடத்துவது என்றாள். நித்யா அதைத் தமிழில் சொன்னாள்: "ஆச்சி, தாயி சொல்றாங்க, உங்க கால் இன்னும் ஆடுது, நான் கூட வரலேன்னா நீங்க விழுந்திட்டான்."

அத்தை உட்கார்ந்துவிட்டாள். பயத்தை வெளியே சொல்லாமலே ஒருத்தி தெரிந்துவைத்திருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையை நீட்டினாள். சிந்துதாயி டீ போட எழுந்தாள். இந்த மொழிபெயர்ப்பின் உண்மையான வாசகங்களை நித்யா எங்களிடம் சொன்னது இரண்டு வருஷத்துக்குப் பிறகு, கல்லூரியில் சேர்ந்த அன்று. திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. மாலதி இரண்டையும் செய்தாள்.

8

தசரா முடிந்ததும் இரண்டு பேரையும் ரயிலேற்றினேன். அத்தை ஒரு கைத்தடியோடு, சிந்துதாயி ஒரு தகரப் பெட்டியோடு. அவள் மகன் ஸ்டேஷன் வரை வந்து, அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அத்தையிடம் சொன்னான். அதே நேரத்தில் நான் சிந்துதாயியிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அஸ்வினி அழுதாள். அவள் மறுவருஷம் நர்ஸிங் கல்லூரியில் சேர்ந்தாள். விண்ணப்பத்தோடு வைக்க நற்சான்று எழுதிக் கொடுத்தது அத்தை. விரிப்பின் மூலைகளைப் பற்றியே ஒரு பக்கம் இருந்தது.

இது நடந்து ஆறேழு வருஷம் ஆயிற்று. பாளையங்கோட்டையில் தெருக்காரர்கள் வேலைக்காரி யார், வீட்டுக்காரி யார் என்று முதலில் கேட்டார்களாம். ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கைகாட்டியதில் கேட்பதை விட்டுவிட்டார்கள். அத்தைக்கு இப்போது சோளமாவில் பாக்ரி ரொட்டி தட்ட வரும். சிந்துதாயி அந்த ஊருக்கு, நான் இந்த ஊருக்கு வந்தது போலத்தான் போனாள், வாயில் ஒரு வார்த்தை இல்லாமல். நான் புனேக்கு வந்து மூன்று வருஷம் பஸ் நடத்துனரிடம் பேசவே பயந்தேன். அவள் என்ன செய்தாள் என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நித்யா வீட்டிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போன் போட்டாள். இப்போது அவளும் ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் சிந்துதாயி எடுத்தாள்.

"ஆரு பேசுதது? சத்தமா சொல்லுட்டி, செம்பகம் மாடியில துணி காயப் போடுதா."

நித்யா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, காயப்போடுதான்னா என்ன?"